கொடைக்கானல் சூரியனும் ஒன்பதாங்கிளாஸ் பசங்களும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைவா இருந்ததால நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். பழனி மலையில, கீழ்மலைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில அக்கா சயின்ஸ் டீச்சர். "டேய், சூரியனைப் பத்தி நல்ல வீடியோவா நாலு எடுத்துக் குடுடா, இங்க நெட்டு நின்னு நின்னுதான் வரும்"னாங்க. பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்து, நானும் கிளாஸுக்குப் போனேன்.

பசங்க வாயைத் திறக்காம பார்த்தாங்க. முடிஞ்சதும் ஒரு பையன் எழுந்து, "அண்ணே, இது நெசமா, கிராபிக்ஸா?"ன்னான். பொட்டி தட்டுறவன் எனக்கே சட்டுனு பதில் வரலை :-(

அப்புறம்தான் தலைக்கு மேலேயே பதில் இருப்பது உறைத்தது. அதுக்குக் கொஞ்சம் பின்னால போகணும்.

1876-78ல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியது. லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். மழை ஏன் பொய்த்தது, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து பார்க்க ஒரு மலை வேண்டும். மிச்சி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899ல் ஆய்வகம் உருவாகி, 1901ல் வேலை தொடங்கியது. மழைக் கணக்கு அவங்க நினைச்ச மாதிரி லேசில் சிக்கலை. ஆனா 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே வேற ஒண்ணைப் பிடிச்சார். கரும்புள்ளியின் உள்ளிருந்து வாயு மேற்பரப்பை ஒட்டி வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று நிறமாலைக் கோடுகளின் நகர்வை வைத்துக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

எனக்கு அதைவிடப் பெரிசாத் தெரியறது இன்னொண்ணு. 1904லிருந்து வானம் வெளுத்த நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தகட்டில், பிறகு ஃபிலிமில். நூறு வருஷப் படங்களையும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஸ்கேன் பண்ணி வலைத்தளத்தில் போட்டுவிட்டது. யாரும் இறக்கிக்கலாம்.

படம் காட்டிப் பாடம் நடத்துறது நம்ம நாட்டுக்குப் புதுசில்லை. 1975-76ல் சைட் திட்டத்தில் செயற்கைக்கோள் வழியா ஆறு மாநிலத்தில் சுமார் 2400 கிராமங்களுக்கு டிவியில் கல்வி நிகழ்ச்சி போனது (தமிழ்நாடு அதில் இல்லை). இங்கே 2018ல் வந்த புதுப் பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு, 2019ல் கல்வித் தொலைக்காட்சி. எல்லாம் நல்லதுதான். ஆனா எல்லாத்திலும் பசங்களுக்கு ஒரே வேலைதான்: பார்க்கிறது.

அன்னைக்கு சாயங்காலமே பழனிக்கு இறங்கி, ஒரு பெரிய புள்ளி வட்டத்தைக் கடந்துபோகும் பத்து நாள் படங்களை இறக்கினேன். எல்லாம் எங்க தாத்தா காலத்துப் படங்கள். வடக்கு மேலே வரும்படி சரிசெய்த படங்களாப் பார்த்து, ஒரே அளவில் பிரிண்ட் போட்டேன். மறுநாள் பசங்க டிரேசிங் பேப்பரை வச்சுப் புள்ளியைக் குறிச்சாங்க.

கொஞ்ச நேரத்தில் ஒரு பொண்ணு, "சார், ஓரத்தில மெதுவாப் போகுது, நடுவில வேகமாப் போகுது"ன்னு கண்டுபிடிச்சுட்டா. அக்கா ஒரு பந்தில் பொட்டை ஒட்டி மெதுவாச் சுத்திக் காட்டினாங்க. உருண்டைமேல ஒட்டியிருந்தா அப்படித்தான் தெரியும். 1612ல் கலிலியோ தினமும் வரைஞ்ச படங்களை வைத்து, புள்ளி சூரியன் மேலதான் இருக்குன்னு வாதாடினதும் இதே வழியில்தான். அப்புறம் கோணம் அளந்து கணக்குப் போட்டோம். சூரியன் ஒரு சுத்து சுத்த எங்களுக்கு வந்தது 29 நாள். பூமியிலிருந்து பார்த்தா சுமார் 27 நாள். பென்சில் முனையும் மொட்டையா இருந்துச்சு, விடுங்க :-)

கிராபிக்ஸான்னு கேட்ட பையன் மட்டும் தேதிகளையே பார்த்துட்டு இருந்தான். "அண்ணே, நடுவில ஒரு நாள் படம் இல்லையே?"

"அன்னைக்குக் கொடைக்கானல்ல மேகமா இருந்திருக்கும்டா."

கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்ப நெசந்தாண்ணே. கிராபிக்ஸா இருந்தா அந்த நாளையும் போட்டிருப்பாங்க."