தேடப்படுபவனும் தேடப்படாதவனும்: ஒரே மணலில் எடுத்த இரு படங்களும் திருவனந்தபுரத்துப் பார்வையாளரும்

ஜோர்டான் நாட்டின் தெற்கே வாதி ரம் என்றொரு பாலைவனம் இருக்கிறது. செந்நிற மணல், நடுநடுவே செங்குத்தாக எழும் பாறைக் குன்றுகள். ரிட்லி ஸ்காட் இயக்கி 2015 அக்டோபரில் வெளிவந்த ‘தி மார்ஷியன்’ படத்தில் இந்த இடம்தான் செவ்வாய்க் கோள். பிளெஸ்ஸி இயக்கி 2024 மார்ச் 28 அன்று வெளிவந்த ‘ஆடுஜீவிதம்’ படத்தில் இதே மணல் சவுதி அரேபியாவின் ஆட்டுக்கிடை. இரண்டும் நாவலிலிருந்து வந்தவை. ஆண்டி வியர் தம் கதையை இணையத்தில் தொடராக எழுதி 2011-இல் தாமே நூலாக வெளியிட்டார். பென்யாமினின் மலையாள நாவல் 2008-இல் வந்தது. இரண்டிலும் ஒருவன் ஆளரவமற்ற வெளியில் அகப்பட்டு, உயிரோடு மீள்கிறான்.

கதையின் எலும்புக்கூடு இவ்வளவு ஒத்திருந்தும், திருவனந்தபுரத்தில் இவ்விரு படங்களையும் பார்த்தவர்கள் இரு வேறு உலகங்களைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள். ஒரே படத்தைப் பற்றியும் ஒத்த கருத்து இல்லை. இந்த வேறுபாட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: நாவலைப் படித்தவரா படிக்காதவரா என்பது ஒன்று, அறிவியல் தெரிந்தவரா தெரியாதவரா என்பது மற்றொன்று. இரண்டும் ஓரளவுக்கு மேல் போதவில்லை என்பது என் வாதம். ‘இவனை யாராவது தேடுகிறார்களா?’ என்ற கேள்விக்குப் படம் என்ன விடை தருகிறது, அந்த விடை பார்ப்பவரின் வீட்டு அனுபவத்தோடு பொருந்துகிறதா என்பதில்தான் பிளவு தொடங்குகிறது. இதற்கு நான் கேள்வித்தாள் கொடுத்துக் கணக்கெடுக்கவில்லை. இந்நகரில் பல்லாண்டாக வாழும் ஒரு தமிழனாக, அண்டை அயலாரோடு பேசிச் சேர்த்த கவனிப்புகளையே ஆதாரமாகக் கொள்கிறேன்.

திருவனந்தபுரத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவில் ஏவப்பட்ட முதல் ஆய்வு ராக்கெட் தும்பாக் கடற்கரையிலிருந்துதான் ஏறியது. காந்த நிலநடுக்கோடு அவ்வழியே செல்வதால் அந்த மீனவக் கிராமம் தேர்வானது. மகதலேன் மரியாள் தேவாலயமே முதல் அலுவலகம். இன்று அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், வலியமலையில் திரவ உந்துவிசை மையம், வட்டியூர்க்காவில் திசைக்கருவிப் பிரிவு என நகரெங்கும் விண்வெளி வேலை பரவிக் கிடக்கிறது. இதே நகரில்தான் வளர்ச்சி ஆய்வு மையம் 1998 முதல் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பை நடத்தியது. 2018-ஆம் ஆண்டுக் கணக்கில் வெளிநாட்டில் இருந்த கேரளத்தார் ஏறத்தாழ 21 லட்சம், பெரும்பாலோர் வளைகுடாவில். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் ராக்கெட்டுக்கு வேலை செய்வார், அடுத்த வீட்டுக்காரர் ரியாத்தில் இருப்பார். இரு படங்களையும் எடைபோட இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அறிவியல் பிழை. ‘தி மார்ஷியன்’ தொடங்குவதே ஒரு புயலால். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே எவ்வளவு வேகமாகக் காற்றடித்தாலும் மனிதனைத் தூக்கி எறியாது, ஏவூர்தியைச் சாய்க்காது. தெரிந்தேதான் அப்படி எழுதினேன் என்று வியரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இதைப் பொறுக்காதவர்கள் பொறியாளர்களாக இருப்பார்கள் என்றுதான் நானும் எண்ணினேன். நேர்மாறாக இருந்தது. புயலைக் குறை சொன்னவர்கள் கல்லூரி மாணவர்கள். வலியமலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவர் மனத்தில் நின்றவை வேறு இரண்டு காட்சிகள்.

ஒன்று, செவ்வாயில் அகப்பட்ட கதைநாயகன் மார்க் வாட்னி ஹைட்ரசீனைச் சிதைத்து ஹைட்ரஜன் எடுத்து, எரித்துத் தண்ணீர் ஆக்கும் காட்சி. 2014 செப்டம்பர் 24 அன்று இந்திய விண்கலம் மங்கள்யானைச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நிறுத்திய 440 நியூட்டன் எஞ்சின் எரித்ததும் ஹைட்ரசீன் குடும்பத்தைச் சேர்ந்த எரிபொருளைத்தான். முந்நூறு நாள் உறங்கிக் கிடந்த எஞ்சின் மறுபடி எரியுமா என்று அன்று இந்த ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹைட்ரசீன் நஞ்சு. உடல் முழுக்க மூடிய அங்கி இல்லாமல் அதன் பக்கத்தில் போகக்கூடாது. அந்தப் பொருளை ஒருவன் படுக்கும் இடத்திலேயே துளித்துளியாகச் சொட்டவிடுவதைப் பார்த்து அவருக்குக் கை வியர்த்ததாம்.

இரண்டாவது, வாட்னிக்கு உணவு அனுப்பும் அவசரத்தில் ஏவுமுன் சோதனைகளைக் கைவிடும் காட்சி. சோதனையில் கோளாறு தென்படுவது 20-க்கு ஒன்றுதான் என்று கணக்குப் பார்த்து ஏவுகிறார்கள்; ராக்கெட் வெடித்துச் சிதறுகிறது. உள்ளே அடுக்கியிருந்த புரதக் கட்டிகள் அதிர்வில் கூழாகி எடை ஒருபக்கம் சாய்ந்ததே காரணம் என்று நாவல் விளக்குகிறது. 1979 ஆகஸ்டில் எஸ்எல்வி-3, 1993 செப்டம்பரில் பிஎஸ்எல்வி என இரண்டின் முதல் பயணமும் தோற்றதைக் கண்ட தலைமுறை அவருடையது. ஒரு புயலை மன்னித்துவிடலாம், ஒரு சோதனையைத் தவிர்ப்பதை மன்னிக்க முடியாது என்பது அவர் நிலை. ஆக, அறிவியல் தெரிந்தவர் பிழையால் எரிச்சலடைவார் என்ற எளிய சூத்திரம் இங்கே நிற்கவில்லை. அவர் பார்த்தது தம் வேலையை: தொலைவில் அகப்பட்ட ஒன்றைத் தரையிலிருந்தபடி காப்பாற்றும் வேலையை. தேடுபவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் படம் பார்த்தார்.

படத்தின் அமைப்பும் அந்த நாற்காலியைத்தான் எல்லோருக்கும் போட்டுவைக்கிறது. மிண்டி பார்க் என்ற இளம் பொறியாளர் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கையில், வண்டி இடம் மாறியிருப்பதையும் சூரியத் தகடுகளில் தூசு துடைக்கப்பட்டிருப்பதையும் காண்கிறார். அந்த நொடியிலிருந்து வாட்னி தேடப்படுபவன். சீனாவும் உதவுகிறது, விண்கலக் குழு கட்டளையை மீறித் திரும்புகிறது. மங்கள்யான் போய் ஓராண்டு ஆகியிருந்த நேரத்தில் இந்தியாவுக்குக் கதையில் இடமில்லையே என்ற மனக்குறையும், நாவலின் வெங்கட் கபூர் படத்தில் வின்சென்ட் கபூர் ஆன வருத்தமும் இங்கே கேட்டன. இரண்டுமே தேடும் கூட்டத்தில் தமக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசைதான். அந்தப் பாதுகாப்பு உறுதியாக இருப்பதால்தான் படத்தில் சிரிக்க முடிகிறது. கோல்டன் குளோப் விருதுக் குழு இதை ‘இசை அல்லது நகைச்சுவை’ப் பிரிவில் சிறந்த படமாகத் தேர்ந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது பிழையான வகைப்பாடாகப் படவில்லை.

‘ஆடுஜீவித’த்தில் அந்த நாற்காலியே கிடையாது. கதைநாயகன் நஜீப் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. நாவலில் ஒரு காட்சி இதை இரக்கமில்லாமல் சொல்கிறது. தப்பி வந்து சிறையில் கிடக்கும் நஜீபின் முன்னால், ஓடிப்போன ஆட்களை அடையாளம் காணும் வரிசையில், அவனை மூன்றாண்டுக்கு மேல் அடித்து வேலை வாங்கிய முதலாளி, அர்பாப், வந்து நிற்கிறார். பார்க்கிறார், கடந்து போகிறார். இரக்கத்தால் விட்டுவிடவில்லை; நஜீப் அவருடைய விசாவில் வந்தவனே இல்லை என்று பிறகு தெரிகிறது. அடிமையாக வைத்திருந்தவரின் காகிதத்தில்கூட அவன் இல்லை. வாட்னி ‘சோல்’ என்னும் செவ்வாய் நாள் கணக்கில் நாளை எண்ணுகிறான், ஒவ்வொரு நாளும் குறிப்பு எழுதுகிறான். நஜீபுக்கு நாட்காட்டியும் இல்லை, எழுதி வைத்தால் படிக்க ஆளும் இல்லை.

தண்ணீர் ஒன்றே போதும் இந்த வேறுபாட்டைக் காட்ட. வாட்னி நஞ்சிலிருந்து தண்ணீர் உண்டாக்குகிறான். ஊரில் ஆற்றில் மூழ்கி மணல் வாரிப் பிழைத்த நஜீப், கிடைக்கு வந்த முதல் காலையில் வெளிக்குப் போய்விட்டுக் கழுவத் தண்ணீர் எடுத்ததற்காக அடி வாங்குகிறான். தண்ணீர் ஆடுகளுக்கு. உணவும் அப்படித்தான். உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளத் தக்காளி கெச்சப் தீர்ந்துவிட்டது என்று வாட்னி அலுத்துக்கொள்ளும்போது அரங்கு சிரிக்கிறது. காய்ந்த குபூஸ் ரொட்டியோடு நஜீப் வீட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் இடத்தில், என் இருபுறமும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

பழந்தமிழ் இலக்கணம் இந்த இரண்டு விதமான பார்வையாளரையும் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது. நம் ஆய்வாளர்கள் மேலைநாட்டு வாசகர்-எதிர்வினைக் கோட்பாட்டை மட்டும் நாடுவது ஏன் என்று எனக்கு விளங்குவதே இல்லை. தொல்காப்பியர் பாலைத் திணைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. அதன் உரிப்பொருள் பிரிதல். மணலைவிட முக்கியம், யார் எதற்காகப் பிரிந்தார் என்பது. ஓதல், தூது, பகை, பொருள் எனப் பிரிவுகளை வகுத்து, ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியவை என்கிறார். வாட்னியின் பயணம், கல்விக்காகப் பிரியும் ஓதற்பிரிவுக்கு மிக நெருங்கியது. நஜீபின் பயணம் அப்பட்டமான பொருள்வயிற் பிரிவு. முதல் வகைப் பிரிவை நாடே மாலை போட்டு அனுப்புகிறது. ககன்யான் விண்வெளிப் பயணத்துக்கான நால்வரின் பெயர்களைப் பிரதமர் தும்பாவில் அறிவித்தது 2024 பிப்ரவரி 27 அன்று. அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, கடன் வாங்கி விசா எடுத்தவனின் கதை இதே நகரத்துத் திரைக்கு வந்தது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலையும் சேர்த்துப் பார்க்கலாம். பெருமிதம் பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் முதலாவது கல்வி. இளிவரல் என்னும் இழிவுணர்வின் நிலைக்களன்களில் பிணியும் வருத்தமும் உள்ளன. ‘தி மார்ஷியன்’ கல்வியில் பிறக்கும் பெருமிதத்தைத் தருகிறது. ‘ஆடுஜீவிதம்’ இளிவரலைத் தருகிறது. வாட்னியாக நடித்த மேட் டேமனின் மெலிந்த உடலைக் காட்ட மாற்று ஆள் போதுமாக இருந்தது. நஜீபாக நடித்த பிருத்விராஜ் ஏறத்தாழ 30 கிலோ எடையைக் குறைத்துத் தம் எலும்பையே காட்ட வேண்டியிருந்தது. ‘மூன்று மணி நேரம் துன்பத்தையே காட்டுகிறார்கள்’ என்று சலித்தவர்களைக் கல்நெஞ்சர் என்று தள்ளிவிடக்கூடாது. அவர்கள் பெருமிதம் தேடி வந்தவர்கள்.

நாவல் படித்தவர்களின் குறை வேறு. பென்யாமினின் நஜீப் ஆடுகளுக்குத் தன் ஊர்க்காரர்களின் பெயரைச் சூட்டுகிறான், கம்யூனிஸ்ட் தலைவர் இ.எம்.எஸ். பெயரைப் பெற்ற ஆடுகூட உண்டு. கிடைக்குள்ளேயே ஊரைக் கட்டிக்கொள்ளும் அந்தக் குறும்பு படத்தில் பெரும்பாலும் காணாமல் போனது. இது நியாயமான இழப்புக் கணக்கு. யாரும் தேடாதவன் தனக்குத்தானே ஒரு சுற்றத்தை உண்டாக்கிக்கொண்ட வழி அது. ‘தி மார்ஷியன்’ நாவலின் வாசகர்கள் வண்டி கவிழும் பகுதி படத்தில் இல்லை என்று வருந்தியதை இதற்கு இணையாக வைக்க மாட்டேன். அங்கே விடுபட்டது இன்னொரு இடர், இன்னொரு தீர்வு, அவ்வளவே.

ஓர் உண்மை நிகழ்வையும் இங்கே வைக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் ‘ஆடுஜீவிதம்’ படக்குழுவின் 58 பேரும் வாதி ரம்மில் அகப்பட்டார்கள். செய்தி நாள்தோறும் வந்தது, மாநில அரசு பேசியது, மே 22 அன்று விமானம் அவர்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. தேடப்படாதவனின் கதையை எடுக்கப் போனவர்கள் தேடப்படுபவர்களாகத் திரும்பினார்கள். திரும்ப வேண்டியதுதான். அந்த விமானத்தில் ஏறாத எத்தனையோ பேர் அப்போது வளைகுடாக் கூடாரங்களில் இருந்தார்கள் என்பதும் இங்கே பலருக்குத் தெரிந்தே இருந்தது.

பாலைப் பாட்டில் பெரும்பாலும் சுரம் என்னும் வறண்ட வழியில் நடப்பவன் பேசுவதில்லை. வீட்டில் இருப்பவள் பேசுகிறாள். அவள் நினைப்பில்தான் அந்தச் சுரம் எரிகிறது. இரு படங்களிலும் அந்தக் குரல் இல்லை. வாட்னியின் பெற்றோர் பேச்சில் வந்து போகிறார்கள். நஜீபின் மனைவி சைனு, அவன் கிளம்பும்போது கருவுற்றிருப்பவள், நினைவுகளில் மட்டும் வருகிறாள். ஆற்றோரக் காட்சிகள் அழகாயிருக்கின்றன, ஆனால் அவை அவனுடைய நினைவுகள். விமரிசனங்களில் நான் காணாத ஒரு மறுமொழியை இங்கேதான் கேட்டேன். கரமனையில் என் பக்கத்து வீட்டு அக்கா நாஞ்சில் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் கணவர் பதினோரு ஆண்டு வளைகுடாவில் இருந்து திரும்பியவர். படம் எப்படி என்று கேட்டேன். நடிப்பு, இசை எதையும் சொல்லவில்லை. “அந்த மூணு வருஷமும் அவளுக்கு யாரு அரிசி வாங்கிக் குடுத்தா? அத ஒருத்தனும் காட்டலியே” என்றார்.

நாவலில் நஜீப் சைனுவுக்கு மனத்துக்குள்ளேயே கடிதம் எழுதுவான்: சுகமாக இருக்கிறேன், நல்ல வேலை, நல்ல சாப்பாடு என்று. அக்கா நாவலைப் படித்தவரில்லை. நான் அந்தப் பகுதியைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இவரு எழுதுன கடுதாசியிலயும் சுகம் சுகம்னுதான் இருக்கும்” என்றார். மறுநாள் காலை நான் போனபோது, திண்ணையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்துவைத்து, நீலநிற வான்மடல்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். கணவர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்; வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.