எடையும் எண்ணிக்கையும்: அமெரிக்கப் பாடசாலை மல்யுத்தத்தில் சமநீதிப் பிரச்சினை

மனித உடல்களுக்கிடையேயுள்ள ஏற்றத்தாழ்வை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்குரிய பரிகாரத்தைத் தன் விதிகளிலேயே வகுத்துக்கொண்ட விளையாட்டுக்கள் சிலவே. மல்யுத்தம் அவற்றுள் ஒன்று. கூடைப்பந்தில் குள்ளனுக்கெனத் தனிக் களம் இல்லை. மல்யுத்தத்திலோ மெலிந்தவன் மெலிந்தவனையே எதிர்கொள்கிறான். ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகளுக்கென 2011இல் வகுக்கப்பட்ட பதினான்கு எடைப்பிரிவுகள் 106 இறாத்தலில் தொடங்கி 285 இறாத்தலில் முடிவுற்றன. இவ்வாறு உடலின் சமமின்மை நீக்கப்பட்ட பின்னரும், பருவ இறுதியில் நடைபெறும் மாநிலச் சுற்றுப்போட்டிகளைப் பற்றிய பூசல் அந்நாட்டில் ஓயவில்லை. இருநூறு மாணவர் பயிலும் கிராமப் பாடசாலையும் மூவாயிரம் மாணவர் பயிலும் நகரப் பாடசாலையும் ஒரே வாகைக்காகப் போட்டியிடுவது முறையா என்பதே அப்பூசலின் பொருளாகும்.

இவ்வினா முதலிற் கூர்மை பெற்றது மல்யுத்தத்திலன்று, கூடைப்பந்தில் எனலாம். இந்தியானா மாநிலத்தில் 1911இல் தொடங்கிய கூடைப்பந்துச் சுற்றுப்போட்டியில் எல்லாப் பாடசாலைகளும் அளவு வேறுபாடின்றி ஒரே பிரிவிற் கலந்துகொண்டன. 1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 161 மாணவரையே கொண்டிருந்த மைலன் என்னும் சிற்றூர்ப் பாடசாலை, அதனைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு பெரிதான மன்சி சென்ற்றல் பாடசாலையை 32க்கு 30 என்ற புள்ளிகளால் வென்றது. கடைசிக் கணத்தில் பொபி பிளம்ப் எறிந்த பந்தே வெற்றியை ஈட்டியது. அவ்வெற்றி மாநிலத்தின் ஐதிகமாயிற்று. 1986இல் வெளியான திரைப்படமொன்றுக்கும் அதுவே தூண்டுதலாயிற்று. எனினும் ஐதிகங்கள் தம் எண்ணிக்கையை மறைப்பதில் வல்லன. அதன் பின்னர் 1997 வரையுள்ள நாற்பத்து மூன்று ஆண்டுகளில் அத்துணைச் சிறிய பாடசாலை எதுவும் வாகை சூடவில்லை. சிறு பாடசாலைகள் அருகியமைக்குப் போட்டிக் களத்திலும் பார்க்கச் சட்டமே பெருங் காரணம்: 1959ஆம் ஆண்டின் மறுசீரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து அவற்றுட் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 1996இல் பாடசாலை அதிபர்களின் வாக்கெடுப்பிற் பெரும்பான்மையோர் நான்கு பிரிவு முறையை ஆதரிக்க, 1997-98 பருவம் முதல் அது நடைமுறைக்கு வந்தது. பழைய முறையை நினைத்து ஏங்குவோர் அம்மாநிலத்தில் இன்றும் உளர். எனினும் அம்முறையின் கீழ்த் தோற்ற சிறு பாடசாலைகளின் பெயர்களை நினைவு கூர்வார் இலர்.

கூடைப்பந்தைப் பிரித்த அதே மாநிலம் தனியாள் மல்யுத்தத்தை மட்டும் பிரிக்காது ஒரே பிரிவாகவே வைத்துக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. விரிப்பில் இறங்குபவன் ஒருவன், எதிர்ப்பவனும் ஒருவன், இருவரின் எடையும் ஒன்று, ஆகவே பாடசாலையின் பருமன் அங்கே பொருளற்றது என்பது அதற்குரிய நியாயமாகும். முதல் நோக்கில் இது மறுக்கவியலாததாகவே தோன்றும். ஆயினும் அவ்விளைஞன் விரிப்புக்கு வருமுன் கழித்த மாதங்களை இந்நியாயம் கணக்கிற் கொள்வதில்லை. பெரிய பாடசாலையொன்றின் பயிற்சிக் கூடத்தில் ஓர் எடைக்கே மூவர் நால்வர் இருப்பர்; அவர்களை நாள்தோறும் வென்றே ஒருவன் தன் இடத்தைத் தக்கவைக்க வேண்டும். சிறிய பாடசாலையிலோ தன் எடைக்கு அண்மையில் எவரும் இன்மையால், முப்பது இறாத்தல் கூடியவனோடோ குறைந்தவனோடோ பயில நேரிடும். இக்குறையைத் தராசு காட்டுவதில்லை.

இரு அணிகள் நேருக்கு நேர் மோதும் ஆட்டங்களில் இந்நிலை மேலும் வெளிப்படையானது. எடைப்பிரிவு ஒன்றுக்கு ஆள் இல்லையெனில் எதிரணிக்கு ஆறு புள்ளிகள் இலவசமாகச் செல்லும். எதிரியை மல்லாக்க வீழ்த்தி முதுகை விரிப்பிற் பதித்து அழுத்துபவன் பெறுவதும் அதே ஆறு புள்ளிகளே. நான்கு பிரிவுகளை வெறுமையாக விடும் பாடசாலை, ஒருவரும் கை கலக்காமலே இருபத்து நான்கு புள்ளிகளை இழந்துவிடுகிறது. சிறு பாடசாலைகளை அலைக்கழித்த இத்தொல்லை தேசிய மட்டத்திலும் உணரப்பட்டது. 2023-24 பருவம் முதல் பன்னிரண்டு, பதின்மூன்று அல்லது பதினான்கு எடைப்பிரிவுகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை மாநிலங்களுக்கு வழங்கப்பட்டது. பிரிவுகள் குறையின் வெற்றிடங்கள் குறையும். ஆனால் பெரிய பாடசாலைகளில் அணிக்குள் இடம்பெறக்கூடிய இளைஞர் தொகையும் உடன் குறையும்.

மாநிலங்கள் கண்ட தீர்வுகள் பலவாறானவை. பென்சில்வேனியா 1938இல் மாநில மல்யுத்தப் போட்டியைத் தொடங்கி, 1974 முதல் பாடசாலைகளை இரு பிரிவாக்கி நடத்தி வருகிறது. அயோவாவில் மூன்று பிரிவுகள். ஆகவே ஓர் எடைக்கு ஓராண்டில் மூன்று வாகையர். மூவருள் வல்லவன் யார் என்பதை அச்சுற்றுப்போட்டி சொல்வதில்லை. ரசிகர்களின் வாதமே அவ்விடத்தை நிரப்புகிறது. மாறாக, கலிபோர்னியாவிலும் நியூ ஜேர்சியிலும் தனியாள் வாகை ஒன்றே. நியூ ஜேர்சி அணிகளுக்குரிய போட்டியை மட்டும் அளவு நோக்கிப் பிரிக்கின்றது. இவ்வேற்பாடே தருக்கத்துக்கு நெருக்கமானது எனத் தோன்றுகிறது. ஒருவனின் வலிமையை அளக்கும்போது எல்லை வேண்டியதில்லை. பதினான்கு பேரைத் திரட்டும் ஆற்றலை அளக்கும்போது, எத்தனை பேரிலிருந்து திரட்டப்பட்டனர் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் பயிற்சிக் கூடத்துக் குறையை இவ்வேற்பாடும் தீர்க்கவில்லை. அன்றியும், தனியாள் போட்டியிற் பெற்ற புள்ளிகளைக் கூட்டி அணி வாகை வழங்கும் வழக்கமுள்ள இடங்களில் இவ்விரு அளவைகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. விந்தை யாதெனில், அவ்வகைக் கூட்டலிற் சிறிய பாடசாலைக்கே சிலவேளை வாய்ப்பு உண்டு: மிக வல்ல மூவர் நால்வர் இருப்பின், நிரம்பிய அணியொன்றையும் அது முந்திவிடலாம்.

மாணவர் தொகையே சரியான அளவுகோலா என்பதும் வினாவுக்குரியது. அரச பாடசாலை தன் எல்லைக்குள் வாழும் பிள்ளைகளையே பெரும்பாலும் பெறுகிறது. தனியார் பாடசாலைக்கு அவ்வெல்லை இல்லை. பென்சில்வேனியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமொன்று தனியார் பாடசாலைகள் மாநில விளையாட்டுச் சங்கத்தில் இணைய வழி திறந்தது. அவற்றை எவ்வாறு வகைப்படுத்துவதென்ற தகராறு இன்னும் தொடர்கிறது. இலினோய் மாநிலச் சங்கம் எல்லையற்ற பாடசாலைகளின் மாணவர் தொகையை 1.65ஆற் பெருக்கும் விதியை 2005இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி நானூறு மாணவர் பயிலும் தனியார் பாடசாலை 660 மாணவர் கொண்டதாகக் கருதப்படும். விளையாட்டில் அதிகம் சாதிக்காத பாடசாலைகளுக்குப் பின்னர் இப்பெருக்கத்திலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது.