டோர்ட்ரெக்ட் சங்கமும் மனித சித்தம் பற்றிய வழக்கும்

கடவுள் யாவற்றையும் முன்னரே தீர்மானித்துவிட்டார் என்றால் மனிதன் தேர்ந்துகொள்வதற்கு என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி, கிறிஸ்தவ சிந்தனையில் ஐந்தாம் நூற்றாண்டு முதல் ஓயாமல் எழுப்பப்பட்டு வந்திருக்கிறது. எனினும், அது மடாலயங்களையும் பல்கலைக்கழகங்களையும் தாண்டி ஒரு நாட்டின் ஆட்சியையே புரட்டிப்போட்டது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தில்தான். 1618 நவம்பர் 13 அன்று டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய சீர்திருத்தத் திருச்சபையின் தேசிய சினாடு, அதாவது போதகர்களும் மூப்பர்களும் பேராளர்களாக அமர்ந்து கோட்பாட்டுச் சிக்கல்களுக்குத் தீர்ப்பு வழங்கும் பேரவை, வெளிநாட்டுப் பேராளர்களுடன் நடத்திய அமர்வுகளை 1619 மே 9 அன்று முடித்துக்கொண்டது. அதற்கு நான்கே நாள்களில், தோற்ற தரப்புக்கு அரணாக நின்ற முதுபெரும் அரசியல் தலைவரின் தலை ஹேக் நகரில் வெட்டப்பட்டது. இறையியல் வழக்கு ஒன்று கொலைமேடை வரை சென்றது எப்படி என்பது, அந்த வழக்கின் உட்பொருளையும் அதைச் சூழ்ந்திருந்த அதிகாரப் போட்டியையும் ஒருசேரப் பார்க்கும்போதே விளங்கும்.

வழக்கின் வேர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தீனிடம் (354–430) இருக்கிறது. பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த துறவியான பெலாகியுஸ், கடவுளின் கட்டளைகளைக் கைக்கொள்ளும் ஆற்றல் மனித இயல்பிலேயே உண்டு என்றும், அது இல்லையென்றால் கட்டளை பிறப்பிப்பதே அநீதியாகிவிடும் என்றும் போதித்தார். ஆதாமின் வீழ்ச்சியால் மனித சித்தமே நோயுற்றுக் கிடக்கிறது என்றும், நன்மையை நாடும் முதல் அசைவுகூட கிருபையால், அதாவது தகுதி பாராமல் கடவுள் தரும் தயவால், நிகழ்வதே என்றும் அகுஸ்தீன் மறுத்துரைத்தார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாகியுஸின் போதனையைக் கண்டித்தது. 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் கிருபையின் முதன்மையை உறுதிப்படுத்திய அதே வேளையில், தீமை செய்வதற்கென்று கடவுள் எவரையும் முன்குறித்தார் என்ற கருத்தை வன்மையாக விலக்கியது. இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே அகன்ற ஒரு வெளி தீர்ப்பில்லாமல் விடப்பட்டது. பின்வந்த சச்சரவுகள் பெரும்பாலும் அந்த வெளிக்குள்ளேயே நிகழ்ந்தன.

சமயச் சீர்திருத்தக் காலம் அந்த வெளியை மீண்டும் கிளறிவிட்டது. 1524இல் எராஸ்மஸ் மனித சித்தத்தின் சுதந்திரத்துக்காக வாதாடி ஒரு நூல் எழுத, மறு ஆண்டே லூத்தர் சித்தம் அடிமைப்பட்டுக் கிடக்கிறது என்று விடையளித்தார். ஜெனீவாவில் கால்வின், சிலரை இரட்சிப்புக்கென்று தெரிந்துகொண்டதும் மற்றவர்களைக் கைவிட்டதும் கடவுளின் நித்திய ஆணையே என்று போதித்தார்; அவருக்குப்பின் வந்த பேஸா அப்போதனையை இன்னும் இறுக்கமான தருக்க ஒழுங்கில் வகுத்தார். கத்தோலிக்கத் தரப்பிலும் இதே பூசல் எழுந்தது. இயேசு சபையைச் சேர்ந்த மோலினா 1588இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு மனிதனும் எந்தெந்தச் சூழலில் என்ன தேர்ந்துகொள்வான் என்பதைக் கடவுள் அறிந்தே தம் திட்டத்தை வகுக்கிறார் என்று கூற, தொமினிக்கன் துறவிகள் அது கிருபையை மனிதனின் ஒப்புதலுக்குக் கீழ்ப்படுத்துகிறது என்று வெகுண்டனர். ரோமில் ஆண்டுக்கணக்கில் நடந்த விசாரணையை 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தீர்ப்பின்றி முடித்துவைத்து, இரு தரப்பும் ஒன்றையொன்று பழிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். ரோம் இவ்வாறு தீர்ப்பை ஒத்திவைத்த நேரத்தில்தான் நெதர்லாந்தில் பூசல் முற்றிக்கொண்டிருந்தது. அங்கு ஒத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே வழக்காக இருந்தது.

ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து ஒன்றுசேர்ந்த ஏழு மாகாணங்களில் சீர்திருத்தத் திருச்சபை ஒன்றே பொதுத் திருச்சபையாக ஏற்கப்பட்டிருந்தது. பழைய ஆலயங்கள் அதன் கையில் இருந்தன. போதகர்களின் ஊதியம் பொதுப்பணத்திலிருந்து வந்தது. ஆனால் அதில் முழு உறுப்பினராகச் சேர்ந்தவர்கள் மக்களில் சிறுபான்மையினரே. ஊதியம் தரும் அரசுக்குப் பிரசங்க பீடத்தின்மேல் உரிமை உண்டு என்று ஹாலந்து மாகாண ஆட்சியாளர் பலர் கருதினர். கோட்பாட்டைத் திருச்சபையின் சொந்த மன்றங்களே தீர்க்க வேண்டும் என்று போதகர்களில் பெரும்பாலோர் கருதினர். 1561ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கையும் 1563ஆம் ஆண்டின் ஹைடெல்பர்க் வினாவிடையும் திருச்சபையின் போதனை அளவுகோல்களாக இருந்தன. அவை மாற்றத்துக்கு உட்பட்டவையா என்பதிலும் இருசாராரும் வேறுபட்டனர்.

இந்தச் சூழலில்தான் யாக்கோபுஸ் ஆர்மினியுஸின் பெயர் அடிபடத் தொடங்கியது. ஔட்வாட்டர் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 1575இல் ஸ்பானியப் படை அவ்வூரைச் சூறையாடியபோது குடும்பத்தாரை இழந்து, லைடன் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஜெனீவாவில் பேஸாவிடமும் பயின்று, 1588இல் ஆம்ஸ்டர்டாமில் போதகரானார். ரோமர் நிருபத்தின் ஏழாம், ஒன்பதாம் அதிகாரங்களை அவர் விளக்கிய முறை ஐயத்தைக் கிளப்பியது. அவரை முதலில் எதிர்த்தவர் அதே நகரின் போதகரான பெத்ருஸ் பிளான்சியுஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்குக் கடல்வழி வரைபடங்கள் தயாரித்துத் தந்தவரும் அவரே. 1603இல் ஆர்மினியுஸ் லைடனில் பேராசிரியரானதும், அங்கு ஏற்கெனவே பணியிலிருந்த பிரான்சிஸ்கஸ் கோமாருஸுடன் மோதல் வெளிப்படையாயிற்று.

இருவருக்கும் இடையிலான வேறுபாடு நுட்பமானது. கோமாருஸின் பார்வையில், யாரை இரட்சிப்பது, யாரைத் தள்ளுவது என்ற ஆணை, உலகைப் படைக்கவும் மனிதனின் வீழ்ச்சியை அனுமதிக்கவும் கடவுள் இட்ட ஆணைக்கு முந்தியது. இங்கு முந்துதல் என்பது காலத்தால் அன்று, காரண ஒழுங்கால். இந்த ஒழுங்கை ஏற்றால் வீழ்ச்சியே தள்ளப்படுவோரை உருவாக்கும் கருவியாகிவிடும், அப்போது கடவுளே பாவத்துக்குக் கர்த்தாவாவார் என்பது ஆர்மினியுஸின் மறுப்பு. கிறிஸ்துவில் விசுவாசம் கொள்வோரை இரட்சிப்பதே முதன்மையான ஆணை என்றும், இன்னார் விசுவாசிப்பார் என்பதை முன்னறிந்தே கடவுள் தனிமனிதர்களைத் தெரிந்துகொள்கிறார் என்றும் அவர் 1608இல் ஹேக்கில் ஹாலந்து மாகாண மன்றத்தின்முன் விரிவாக எடுத்துரைத்தார். அவர் பெலாகியுஸின் வழியில் சென்றவர் அல்லர். வீழ்ந்த மனிதன் தன் சொந்த ஆற்றலால் நன்மையை விரும்பவே முடியாது என்பதை அவர் முழுமையாக ஒப்புக்கொண்டார். முந்திக்கொண்டு வந்து சித்தத்தைத் தட்டியெழுப்பும் கிருபையை மனிதன் மறுத்துவிட முடியும் என்பதில் மட்டுமே அவர் விலகி நின்றார்.

1609 அக்டோபரில் ஆர்மினியுஸ் இறந்த சில மாதங்களில், யோகன்னஸ் ஊட்டன்போகார்ட்டின் தலைமையில் நாற்பதுக்கு மேற்பட்ட போதகர்கள் ஐந்து கூறுகள் கொண்ட முறையீட்டு மனு ஒன்றை ஹாலந்து மன்றத்திடம் அளித்தனர். அதனால் அவர்கள் முறையீட்டாளர் என்று அழைக்கப்பட்டனர். விசுவாசத்தை நிபந்தனையாகக் கொண்ட தெரிந்துகொள்ளுதல், அனைவருக்குமாக நிகழ்ந்த கிறிஸ்துவின் மரணம், கிருபையின்றி மனிதன் நன்மை செய்ய இயலாமை, கிருபையை மறுக்க இயலும் என்பது, விசுவாசி இறுதிவரை நிலைத்திருப்பது பற்றிய ஐயம் ஆகியவையே அந்த ஐந்து. இவற்றில் மூன்றாவது கூறில் எதிர்த்தரப்புக்குக் குறைகாண ஏதுமில்லை; ஐந்தாவதிலோ முறையீட்டாளர்களே முடிவு கூறாமல், வேதத்தை மேலும் ஆராய வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். 1611இல் ஹேக்கில் நடந்த உரையாடலில் எதிர்த்தரப்பும் தன் பதிலை முன்வைக்க, நாடு இரு கட்சிகளாகப் பிரிந்தது.

அரசியல் உட்புகுந்த விதம் இங்கு கவனிக்கத்தக்கது. ஹாலந்து மன்றத்தின் முதன்மை ஆலோசகராக இருந்து நாட்டின் போக்கையே நடத்திவந்த யோகன் வான் ஓல்டன்பார்னவெல்ட், 1609இல் ஸ்பெயினுடன் பன்னிரண்டு ஆண்டு போர்நிறுத்தத்தை முடித்துவைத்தவர். படைத்தலைவரான இளவரசர் மோரிஸுக்கு அது பிடிக்கவில்லை. முறையீட்டாளர்களுக்கு ஓல்டன்பார்னவெல்ட் பாதுகாப்பளித்தார். 1614இல் சட்ட அறிஞர் ஹூகோ குரோத்தியுஸ் வரைந்து மன்றம் வெளியிட்ட ஆணை, முன்குறித்தல் பற்றிய கடினமான கருத்துகளைப் பிரசங்கத்தில் எழுப்பக் கூடாது என்றும், இருதரப்பாரும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. சமாதானத்துக்கென்று இடப்பட்ட இந்த ஆணை எதிர்த்தரப்புக்கு வாய்ப்பூட்டாகவே தோன்றியது. ஹேக்கில் எதிர்த்தரப்புப் போதகர் ஒருவர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டதும், அவரைப் பின்பற்றியவர்கள் ஞாயிறுதோறும் பக்கத்து ஊரான ரைஸ்வைக்குக்குச் சேற்றுப்பாதையில் நடந்துபோய் வழிபட்டார்கள்; எதிரிகள் அவர்களுக்குச் சேற்றுப் பிச்சைக்காரர் என்று பட்டம் சூட்டினர். 1617 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் முறையீட்டாளர் பக்கம் நின்ற ஒரு வணிகரின் வீட்டைக் கூட்டம் சூறையாடியது.

அதே ஆண்டு ஜூலையில் மோரிஸ், எதிர்த்தரப்பார் கைப்பற்றியிருந்த ஹேக் மடாலய ஆலயத்துக்கு வழிபடச் சென்று, தாம் எப்பக்கம் என்பதை ஊரறியச் செய்தார். ஆகஸ்டு 4 அன்று ஹாலந்து மன்றம், ஒழுங்கைக் காக்க நகரங்கள் தமக்கெனக் கூலிப்படை திரட்டிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தது. நாட்டின் படைக்குப் போட்டியாக இன்னொரு படை எழுவதாகவே மோரிஸ் அதைக் கண்டார். 1618 ஜூலையில் அவர் உட்ரெக்டில் அப்படையைக் கலைத்தார்; ஆகஸ்டு 29 அன்று ஓல்டன்பார்னவெல்ட்டும் குரோத்தியுஸும் கைதாயினர். சினாடு கூடியபோது வழக்கின் அரசியல் பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது.

டோர்ட்ரெக்டில் நகரக் காவற்படையினரின் மண்டபத்தில், லத்தீன் மொழியில் நடந்த அமர்வுகளில் நெதர்லாந்தின் பேராளர்களோடு இங்கிலாந்து, ஜெனீவா, சுவிஸ் நகரங்கள், ஜெர்மானியச் சிற்றரசுகள் ஆகியவற்றின் பேராளர்களும் அமர்ந்தனர். பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையாரை அவர்களின் அரசர் தடுத்துவிட்டதால் அவர்களுக்குரிய இருக்கைகள் வெறுமையாகவே இருந்தன. அவைத்தலைவர் லீவார்டன் நகரப் போதகரான யோகன்னஸ் பொகர்மன். முறையீட்டாளர்கள் பேராளர்களாக அன்றி, சைமன் எபிஸ்கோபியுஸின் தலைமையில் அழைப்பாணை பெற்றவர்களாகவே வந்தனர். தங்களை நியாயம் தீர்க்கும் உரிமை எதிரிகளுக்கு இல்லை என்றும், தெரிந்துகொள்ளுதலுக்கு முன் தள்ளிவிடுதல் பற்றியே பேச வேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டு வாரக்கணக்கில் இழுக்க, 1619 ஜனவரி 14 அன்று பொகர்மன் சினத்துடன் அவர்களை வெளியேறச் சொன்னார். அதன்பின் அவர்களின் எழுத்துகளைக் கொண்டே தீர்ப்பு வகுக்கப்பட்டது.

 

சினாடு வகுத்த தீர்மானங்கள் பிற்காலத்தில் அவற்றுக்கு ஒட்டப்பட்ட கடுமையைவிட நிதானமானவை. கிறிஸ்துவின் மரணம் உலகம் முழுவதன் பாவத்துக்கும் போதுமான விலைமதிப்பு உடையது, ஆனால் அதன் பலன் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே உறுதியாகச் சென்றடையும் என்ற வாசகம், ஆங்கிலேய, பிரேமன் பேராளர்களின் வற்புறுத்தலோடு தொடர்புடையது. கோமாருஸ் அவையிலேயே இருந்தும், அவருடைய ஒழுங்கு ஏற்கப்படவில்லை. தெரிந்துகொள்ளப்படுபவர்கள் ஏற்கெனவே பாவத்தில் வீழ்ந்த மனிதகுலத்திலிருந்தே எடுக்கப்படுகிறார்கள் என்றுதான் தீர்மானங்கள் பேசுகின்றன. தீர்மானங்களின் மூன்றாம், நான்காம் தலைப்புகள் ஒன்றாக இணைக்கப்பட்ட பகுதியில், மறுபிறப்பளிக்கும் கிருபை மனிதரை மரக்கட்டைகளைப்போல் நடத்துவதில்லை என்றும், சித்தத்தை அழிக்காமலும் வலிந்து இழுக்காமலும் அதை உயிர்ப்பித்துத் திருத்தி வளைக்கிறது என்றும் கூறப்படுகிறது. முடிவுரையில், கடவுளைப் பாவத்துக்குக் காரணராக்கும் போதனை தங்களுடையது அன்று என்று சினாடு வெளிப்படையாக மறுத்தது. எனினும், அந்தக் கிருபை தன் நோக்கத்தை நிறைவேற்றாமல் திரும்புவதில்லை என்பதில் அது சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை.

வாசகத்தில் இருந்த நிதானம் நடவடிக்கையில் இல்லை. ஏறத்தாழ இருநூறு போதகர்கள் பதவி இழந்தனர். மௌனம் காப்பதாக உறுதிமொழி தர மறுத்தவர்கள் நாடுகடத்தப்பட்டனர். இருபத்துநான்கு நீதிபதிகள் கொண்ட தனி மன்றம் 71 வயதான ஓல்டன்பார்னவெல்ட்டுக்கு மரண தண்டனை விதித்தது. ஆயுள் சிறை பெற்ற குரோத்தியுஸ், 1621இல் மனைவியின் சூழ்ச்சியால் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து லூவெஸ்டைன் கோட்டையிலிருந்து தப்பினார். 1625இல் மோரிஸ் இறந்ததும், அவருடைய தம்பியின் ஆட்சியில் கெடுபிடி தளர்ந்தது. 1630இல் ஆம்ஸ்டர்டாமில் முறையீட்டாளர் தங்களுக்கென ஆலயம் திறந்தனர். 1634இல் எபிஸ்கோபியுஸைப் பேராசிரியராகக் கொண்டு ஓர் இறையியல் கல்லூரியும் தொடங்கினர். அவர்களுக்கு எதிரான தடையாணை ரத்தாகவில்லை, நடைமுறையில் கைவிடப்பட்டது.

இரு மரபுகளும் பிற்காலத்தில் தமிழர் வாழும் மண்ணையும் வந்தடைந்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனியுடன் வந்த பிலிப்புஸ் பால்தேயுஸ் முதலான போதகர்கள் டோர்ட்ரெக்ட் தீர்மானங்களை ஏற்ற திருச்சபையினர். ஆர்மினியுஸின் கருத்தை உவந்து ஏற்று, 1778இல் அவர் பெயரிலேயே ஓர் இதழ் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்த மிஷனரிகள் 1814இலும், கால்வினிய மரபில் வந்த அமெரிக்க மிஷனரிகள் 1816இலும் அதே யாழ்ப்பாணத்தில் கால்வைத்தனர்.

இவ்வரலாற்றை விதிக்கும் சுதந்திரத்துக்கும் நடந்த போராக மட்டும் சித்திரிப்பது பொருந்தாது. மனித சித்தத்துக்கு இடம்கேட்டவர்கள் தங்கள் பாதுகாப்புக்கு மாகாண ஆட்சியின் ஆணைகளையும் கூலிப்படையையும் நம்பினார்கள். எல்லாம் கடவுளின் ஆணை என்றவர்கள் திருச்சபைக்கு அரசிடமிருந்து சுதந்திரம் கோரிவிட்டு, இறுதியில் இளவரசரின் படையால் வென்றார்கள். மனிதன் கிருபையின்றி எழ முடியாது என்பதில் இருவரும் ஒத்திருந்தனர். எழுப்பும் கையை அவன் உதறிவிட முடியுமா என்பதே எஞ்சிய கேள்வி. அவ்வளவு குறுகிய இடைவெளி ஒரு நாட்டைப் பிளந்ததற்குக் காரணம் கேள்வியின் ஆழம் மட்டுமன்று. பிரசங்க பீடத்தில் யார் எதைப் பேசலாம் என்பதை முடிவு செய்பவர் யார் என்ற தீராத சிக்கல் அதன்மேல் ஏற்றிவைக்கப்பட்டதே. சினாடு முதல் கேள்விக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பத்திகளில் விடை எழுதியது. இரண்டாவதை மோரிஸ் தீர்த்துவைத்தார்.