தரங்கம்பாடிச் சிறையில் நான்கு மாதம்

தரங்கம்பாடிக் கடற்கரையில் டேனியர் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டையை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். 1708ஆம் ஆண்டின் இறுதியில் அக்கோட்டையில் பார்த்தலோமேயு சீகன்பால்கு சிறை வைக்கப்பட்டார். அவரை இந்நாட்டிற்கு அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக். சிறையிட்டவரோ அந்நாட்டுக் கம்பெனியின் ஆளுநர் ஹாசியஸ். கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதே குற்றமாயிற்று.

சீகன்பால்கு பிறவியிலேயே சாந்தசொரூபி என்று எண்ணிவிட வேண்டா. சினம் மிக்கவர், உடல்நலமும் குன்றியவர். 1706இல் கரையிறங்கியபின், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஆசிரியனாகவே காலங்கழித்த எனக்கு, இருபத்துநான்கு வயது மாணாக்கரின் அந்தப் பணிவே பெருவியப்பு. அங்ஙனம் கற்ற தமிழில், 1708 அக்டோபரில்தான் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். அடுத்த மாதமே சிறை!

நான்கு மாதத் தனிமையில் ஜெபமும் வேத தியானமுமே அவருக்குத் துணை. அச்சிறையிலேயே இரண்டு நூல்களும் எழுதினார்: ஒன்று கிறிஸ்தவனின் வாழ்வைப் பற்றியது; மற்றொன்று குருமாரின் கடமையைப் பற்றியது. தமக்கு இழைக்கப்பட்ட அநீதியையே நினைந்து புழுங்கியவர் இவற்றை எழுதியிருக்க இயலாது என்பது என் துணிபு.

1709இல் விடுதலையானார், விட்ட பணியைத் தொட்டார். 1711இல் மொழிபெயர்ப்பு முற்றுப்பெற்றது. 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், அடுத்த ஆண்டில் எஞ்சிய பகுதியும் தரங்கம்பாடியிலேயே அச்சேறின. 1719இல், முப்பத்தாறாம் வயதில் காலமான அவர், தாமே கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கோட்டையிலிருந்து அது கூப்பிடு தூரந்தான்.