வெயிலைச் சேமிக்கும் உப்பு

சூரிய மின்சாரம் என்றதும் பலர் மனத்தில் தோன்றுவது மொட்டை மாடியில் சாய்த்து வைத்த நீலப் பலகைதான். அது ஒளியை நேராக மின்சாரமாக்குகிறது. பொழுது சாய்ந்தால் அதன் வேலையும் முடிந்துவிடும். குவி சூரிய வெப்ப மின்நிலையம் போகும் வழி வேறு. ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் வெயிலை ஓரிடத்தில் குவிக்கின்றன. அந்த வெப்பம் நீரை ஆவியாக்குகிறது, ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் அறைக்குள் மட்டும் நின்று பார்ப்பவருக்கு இது நிலக்கரி அனல்மின் நிலையமாகவே தோன்றும். வெப்பத்தைப் பிடிக்கும் நேரத்தையும் மின்சாரம் ஆக்கும் நேரத்தையும் இங்கே பிரித்துவிட முடியும். இரண்டுக்கும் நடுவே ஒரு பெருந்தொட்டியை வைத்தால் போதும். அந்தத் தொட்டியில் இருப்பது உருகிய உப்பு.

இது சமையல் உப்பு அல்ல. எடையில் 60 விழுக்காடு சோடியம் நைட்ரேட், 40 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் கலந்த வெண்ணிறக் கலவை. பொட்டாசியம் நைட்ரேட் நம் ஊர்ப் பட்டாசுத் தொழிலில் வெடியுப்பு என்ற பெயரில் புழங்குவதுதான். இரண்டு உப்புகளும் வயலுக்கு உரமாகவும் போகின்றன. சுமார் 220 முதல் 240 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கலவை முழுவதுமாக உருகித் தெளிந்த திரவமாகிவிடும். அந்த நிலையில் குழாய்களில் தண்ணீரைப் போலவே தாராளமாக ஓடும். ஏறத்தாழ 600 டிகிரி வரை சிதையாமல் தாங்கும். தானாக எரியாது, ஆவியாகிப் பறந்துவிடாது. ஆகவே இதை அடைக்க அழுத்தக் கலன் தேவையில்லை, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் நிற்கும் தொட்டியே போதும். தண்ணீரை 565 டிகிரி வரை கொண்டுபோக வேண்டுமானால் எத்தனை தடிமனான எஃகுக் கலன் வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் உப்பின் அருமை விளங்கும். வெப்பத்தைக் கடத்தும் செயற்கை எண்ணெயோ 400 டிகிரியை நெருங்கும்போதே சிதையத் தொடங்குகிறது. அது தீப்பற்றக் கூடியதும்கூட.

கோபுர வகை நிலையத்தில் உப்பின் ஒருநாள் பயணம் இப்படி. குளிர்த் தொட்டி எனப்படுவதில் உப்பு 290 டிகிரியில் இருக்கும். குளிர் என்பது இங்கே ஒப்பீட்டுச் சொல்தான். காலையில் வெயில் ஏறியதும் பம்புகள் அதைக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றுகின்றன. அங்கே நிக்கல் கலப்புலோகக் குழாய்களால் ஆன ஏற்பி இருக்கிறது. சுற்றிலும் நிலத்தில் நிற்கும் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் கணினியின் கட்டளைப்படி சூரியனைத் தொடர்ந்து திரும்பி, ஒளியை அந்த ஏற்பியின்மேல் வீசுகின்றன. 565 டிகிரிக்குச் சூடேறிய உப்பு கீழிறங்கிச் சூடான தொட்டியில் சேர்கிறது. மின்சாரம் வேண்டிய நேரத்தில் அதை எடுத்து ஆவியாக்கியின் வழியே செலுத்துவார்கள். வெப்பத்தைக் கொடுத்துவிட்டு உப்பு மீண்டும் குளிர்த் தொட்டிக்குத் திரும்பும். கரண்ட் இருக்கும்போது மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, வேண்டும்போது குழாயைத் திறக்கிறோமே, அதே ஏற்பாடு.

கணக்கு எளிது. ஒரு கிலோ உப்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.5 கிலோஜூல் ஆற்றல் செல்லும். 290 டிகிரியிலிருந்து 565 வரை ஏற்றினால், ஒரு டன் உப்பிலிருந்து டர்பைன் வழியே சுமார் 45 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். தொட்டியைச் சுற்றிக் கனமான வெப்பக்காப்பு இருப்பதால், உள்ளே போன வெப்பத்தில் 97 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பக் கிடைக்கிறது. பெரிய தொட்டிகளுக்கு இயல்பாகவே ஒரு வசதி உண்டு: கொள்ளளவு பெருகும் அளவுக்கு வெளிப்பரப்பு பெருகுவதில்லை, அதனால் இழப்பு குறைகிறது.

குவி வெப்ப மின்சாரத்தில் முதலில் பெரிய அளவில் நிலைபெற்றது கோபுரம் அல்ல, பரவளைய ஆடிகள். நீண்ட தொட்டில் வடிவில் வளைந்த அந்தக் கண்ணாடிகளின் குவியக்கோட்டில் ஒரு குழாய் ஓடும், குழாய்க்குள் எண்ணெய். ஸ்பெயினின் கிரானடா மாகாணத்தில், கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள குவாதிஸ் மேட்டுநிலத்தில் 2008ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாட் அந்தாசோல்-1 இதற்கு எடுத்துக்காட்டு. அதன் இரு தொட்டிகளும் 14 மீட்டர் உயரம், 36 மீட்டர் விட்டம் கொண்டவை. அவற்றில் உள்ள 28,500 டன் உப்பு, டர்பைனை முழுத்திறனில் ஏழரை மணி நேரம் ஓட்டும். ஆனால் எண்ணெயின் வரம்பு உப்பையும் கட்டிப்போட்டுவிடுகிறது. அங்கே உப்பு 290 முதல் 386 டிகிரி வரைதான் ஏறி இறங்க முடியும். ஆகவே ஒரு டன்னிலிருந்து கிடைப்பது கோபுர நிலையத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்.

அந்த வரம்பை உடைத்துக் காட்டியது செவில் மாகாணத்தில், ஃபுவென்தெஸ் தெ அந்தலூசியா ஊரருகே 2011இல் இயங்கத் தொடங்கிய ஹெமாசோலார். திறன் 19.9 மெகாவாட் மட்டுமே. 140 மீட்டர்க் கோபுரம், அதைச் சுற்றி 2,650 கண்ணாடிகள், 15 மணி நேரச் சேமிப்பு. அந்த ஆண்டுக் கோடையிலேயே இடைவெளியின்றி 24 மணி நேரம் மின்சாரம் தந்தது. 2013இல் 36 நாள் இரவு பகலாகத் தொடர்ந்து ஓடியது. சேமித்த வெயிலைக் கொண்டே ஒரு நிலையம் இரவு முழுவதும் மின்கம்பிக்குச் சக்தி அனுப்ப முடியும் என்பதை வணிக அளவில் மெய்ப்பித்த பெருமை இதற்கே உரியது.

இதற்கான பாதையைப் போட்டவர்கள் அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், டாகெட் அருகே 1982இல் எழுந்த சோலார் ஒன் என்ற 10 மெகாவாட் சோதனைக் கோபுரம் நேரடியாக நீராவியை உண்டாக்கியது. முகில் கடந்தாலே டர்பைன் தடுமாறியது. பிரான்சின் பிரனீஸ் மலைப்பகுதியில் தெமிஸ் என்ற சிறு கோபுரம் 1983 முதல் 1986 வரை உப்பைக் கொண்டு இயங்கிப் பார்த்தது. இந்த அனுபவங்களுக்குப் பின் சோலார் ஒன் மாற்றிக் கட்டப்பட்டு, 1996இல் சோலார் டூ என்ற பெயரில் உப்புடன் மீண்டும் எழுந்தது. 1999 வரை நடந்த சோதனைகளின்போது ஒருமுறை 150 மணி நேரத்துக்கும் மேலாக, ஏறத்தாழ ஒரு வாரம், நிற்காமல் மின்சாரம் தந்தது. 60-40 உப்புக் கலவை, இரண்டு தொட்டி, 565 டிகிரி என்ற இன்றைய வடிவம் அங்கேதான் உறுதிப்பட்டது. பின்னர் 2010இல், ஆர்க்கிமிடீஸ் கண்ணாடிகளால் எதிரிக் கப்பல்களை எரித்ததாகக் கதை வழங்கும் சிரக்கியூஸ் நகருக்கு அருகில், இத்தாலியர் ஆர்க்கிமிடே என்ற 5 மெகாவாட் நிலையத்தை அமைத்தனர். பரவளைய ஆடிக் குழாய்களில் எண்ணெய்க்குப் பதிலாக உப்பையே ஓடவிட்டார்கள்.

உப்பின் கதையில் தனி இடம் பெறும் நிலம் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனம். இயற்கையில் நைட்ரேட் படிவங்கள் பெருமளவில் கிடைக்கும் இடம் அது. 19ஆம் நூற்றாண்டில் உலகின் வயல்களுக்கு உரமும் பீரங்கிகளுக்கு வெடிமருந்தும் அங்கிருந்து கப்பலேறின. அந்த நிலத்துக்காகச் சிலியும் பெருவும் பொலிவியாவும் 1879 முதல் 1884 வரை போரிட்டன. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து உரம் செய்யும் முறை ஜெர்மனியில் உருவானதும் தொழில் சரிந்தது; நைட்ரேட் ஊர்கள் ஒவ்வொன்றாக ஆளற்றுப் போயின. மிஞ்சிய ஒன்று மரியா எலெனா. 2021இல் திறக்கப்பட்ட செர்ரோ டொமினடோர் நிலையம் அதே மரியா எலெனா வட்டாரத்தில்தான் நிற்கிறது. 110 மெகாவாட் திறன், 10,600 கண்ணாடிகள், ஏறத்தாழ 250 மீட்டர்க் கோபுரம், பதினேழரை மணி நேரச் சேமிப்பு. உலகிலேயே மிக வலுவான நேரடி வெயில் விழும் பகுதிகளுள் ஒன்று அது. இரவிலும் நிற்காத செப்புச் சுரங்கங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. இடம், உப்பு, தேவை மூன்றும் இவ்வளவு பொருத்தமாக ஒன்றுசேர்ந்த வேறொரு நிலத்தைக் காட்டுவது கடினம். அப்படியிருந்தும் கட்டுமானம் நடுவில் சில ஆண்டுகள் நின்றுபோனது. முதலில் எடுத்த ஸ்பானிய நிறுவனம் கடனில் மூழ்கியதே காரணம்.

இனி இம்முறையின் வலி நிறைந்த பக்கம். உப்பு 220 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குழாய்க்குள்ளேயே கல்லாக இறுகிவிடும். ஆகவே குழாய், வால்வு, பம்பு எல்லாவற்றையும் சுற்றி மின் சூடேற்றிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு மாலையும் கோபுர உச்சியின் ஏற்பியைக் காலிசெய்து உப்பைக் கீழே வடிக்க வேண்டும். புதிய நிலையத்தில் பல்லாயிரம் டன் உப்பை முதன்முறை உருக்குவதற்கே வாரக்கணக்கில் எரிவாயு அடுப்புகள் எரிய வேண்டும். இவையெல்லாம் தெரிந்த தொல்லைகள், பொறியாளர்கள் சமாளித்துவிடுகிறார்கள். சமாளிக்கக் கடினமாக இருப்பது சூடான தொட்டியின் அடித்தகடு.

காரணம் விளங்கிக்கொள்ளத் தக்கது. நாற்பது மீட்டர் அளவு விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடு, சில மில்லிமீட்டர் தடிமனே கொண்டது, 565 டிகிரிக்குச் சூடாகும்போது விரிய வேண்டும். அதன்மேல் பல்லாயிரம் டன் உப்பு அழுத்துகிறது, கீழே அடித்தளத்தின் உராய்வு பிடித்து இழுக்கிறது. உப்பின் வெப்பம் ஒரே சீராக இல்லாவிட்டால் தகட்டின் ஒரு பகுதி விரிய, மறுபகுதி மறுக்கும். பற்றவைத்த இடங்களில் விரிசல் விழும். கசிவு தெரியவந்தால் உப்பை முழுவதும் வேறிடத்துக்கு மாற்றி, தொட்டியை ஆறவிட்டு, பிறகுதான் உள்ளே இறங்கிப் பழுது பார்க்க முடியும். மாதங்கள் கடந்துவிடும்.

நெவாடா மாநிலத்தின் டோனபா அருகே அமைந்த கிரெசென்ட் டியூன்ஸ் இந்தச் சிக்கலின் மறக்க முடியாத உதாரணம். 110 மெகாவாட், 10,347 கண்ணாடிகள், 10 மணி நேரச் சேமிப்பு, அமெரிக்க அரசின் 73.7 கோடி டாலர் கடன் உத்தரவாதம் என்று பெரும் எதிர்பார்ப்போடு 2015இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 2016 அக்டோபரில் சூடான தொட்டி கசிந்து, 2017 ஜூலை வரை நிலையம் மூடிக் கிடந்தது. அதன்பின்னும் சொன்ன அளவு மின்சாரம் தர முடியவில்லை. 2019இல் மின்வாங்கும் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது, மறு ஆண்டு நிலையம் திவால் நடவடிக்கைக்குப் போனது. வேறு கைகளுக்கு மாறி 2021இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. மொராக்கோவில் சகாரா ஓரத்து வர்ஸாஸாத் நகருக்கு அருகே 150 மெகாவாட் நூர்-3 கோபுரம் 2018 முதல் மாலை நேரத் தேவைக்குப் பெருந்துணையாக இருந்தது. அதன் சூடான தொட்டியும் 2024 தொடக்கத்தில் கசிய, நீண்ட காலம் உற்பத்தி நின்றது. கோபுரம், கண்ணாடி, சூரியன் எல்லாம் நலமாகவே இருந்தன. தொட்டி ஒன்று போனதால் மொத்தமும் போனது.

விலையும் எதிராகத் திரும்பியது. 2010க்குப் பின் குவி வெப்ப மின்சாரத்தின் உற்பத்திச் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது உண்மை. அதே காலத்தில் ஒளிமின் பலகையின் மின்சாரச் செலவு பத்தில் ஒரு பங்காக வீழ்ந்துவிட்டது. ஏறத்தாழ 2,300 மெகாவாட் நிறுவி முன்னணியில் இருந்த ஸ்பெயின், மானியக் கொள்கையை மாற்றியபின் 2013க்குப் பிறகு புதிய நிலையம் எதையும் சேர்க்கவில்லை.

இந்தியாவும் குவி வெப்ப அலையில் அகப்பட்டது. 2010இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய மின்திட்டத்தின் முதல் கட்டத்தில் 470 மெகாவாட் அளவுக்கு ஏழு வெப்ப நிலையங்கள் ஒதுக்கப்பட்டன. எழுந்து நின்றவை மூன்று: ராஜஸ்தானின் நோக் என்ற ஊரில் 50 மெகாவாட், ஜெய்சால்மர் மாவட்டத்துத் துர்சரில் 125 மெகாவாட், ஆந்திரத்தின் அனந்தப்பூரில் 50 மெகாவாட். மூன்றிலும் உப்புச் சேமிப்பு இல்லை. செயற்கைக்கோள் கணிப்பு காட்டிய நேரடி வெயில், தூசும் பனிமூட்டமும் மிகுந்த தரையில் அப்படியே கிடைக்கவில்லை. கண்ணாடியால் குவிக்க முடிவது சூரியனிலிருந்து நேர்கோட்டில் வரும் கதிரை மட்டுமே. முகிலிலும் தூசிலும் சிதறிய ஒளியை ஒளிமின் பலகை பயன்படுத்திக்கொள்ளும், குவி ஆடிக்கு அது வீண். ஈரக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள தமிழகக் கடலோரத்துக்குப் பலகையே பொருந்தும் என்பதற்கும் இதுதான் காரணம். ஆரோவில்லின் பொதுச் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து ஆவி தருகிறது. சமையலுக்கு அது போதும். இரவு முழுவதும் ஊருக்கு மின்சாரம் தரும் வேலைக்குப் பாலைவன வானம் வேண்டும்.

துபாயும் சீனாவும் வேறு பாடம் கற்றுக்கொண்டன. துபாயின் முகமது பின் ராஷித் அல் மக்தூம் சூரியப் பூங்காவின் நான்காம் கட்டம் 2023 டிசம்பரில் முறைப்படி தொடங்கியது. அங்கே 250 மெகாவாட் பலகைகளும், 600 மெகாவாட் பரவளைய ஆடிகளும், 263 மீட்டர் உயரக் கோபுரத்துடன் 100 மெகாவாட்டும் சேர்ந்து இயங்குகின்றன. பகலைப் பலகை பார்த்துக்கொள்ள, மாலை முதல் காலை வரை உப்பு பொறுப்பேற்கிறது. சீனாவில், கான்சு மாகாணத்தின் துன்ஹுவாங்கில் 12,000 கண்ணாடிகளுடன் 11 மணி நேரச் சேமிப்புள்ள 100 மெகாவாட் கோபுரமும், சிங்ஹாயின் தெலிங்ஹாவில் 50 மெகாவாட் கோபுரமும் 2018இல் எழுந்தன. அதன்பின் பெரிய சூரிய, காற்றாலைப் பூங்காக்களுக்குத் துணையாகவே சீனா உப்பு நிலையங்களைக் கட்டிவருகிறது.

பகல் வெயிலுக்கு உப்பு நிலையம் பலகையோடு போட்டியிடும் காலம் முடிந்துவிட்டது. மாலையில் மூன்று, நான்கு மணி நேரத் தேவையை லித்தியம் பேட்டரி சமாளிக்கும். வறண்ட, முகிலற்ற நிலத்தில் இரவு முழுவதும் மின்சாரம் வேண்டுமென்றால், உப்புத் தொட்டி இன்றும் மிக வலுவான தேர்வு. அதைக் கட்டத் துணியும் எந்த நாடும், கோபுரத்தின் உயரத்தைப் பேசுவதற்கு முன், சூடான தொட்டியின் அடித்தகட்டுக்கும் அதன் அடித்தளத்துக்கும் தாராளமாகப் பணமும் சோதனைக் காலமும் ஒதுக்க வேண்டும்.