எவ்வளவு வெட்டலாம்?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவருக்கு இரண்டே கவலை. பழுதான இடம் உள்ளே வந்துவிடக் கூடாது. நல்ல தோல் வீணாகவும் கூடாது. பக்கத்து வேலூரில், இரைப்பைப் புற்றுநோய்க்குக் கத்தியெடுக்கும் சர்ஜனுக்கும் இதே கவலைதான். எவ்வளவு வெட்டுவது?

இந்தக் கேள்வி பழசு. 1881 ஜனவரி 29, வியன்னா. தெரேசா ஹெல்லர் என்ற 43 வயதுப் பெண்மணிக்கு இரைப்பையின் கீழ்வாசலில் கட்டி. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. அதற்குமுன் இந்த ஆபரேஷனை இரண்டு பேர் முயன்று பார்த்திருந்தார்கள். இரண்டு நோயாளிகளுமே பிழைக்கவில்லை. தியோடர் பில்ராத் துணிந்தார். கட்டியோடு கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார். அந்த அம்மா பிழைத்தார், சாப்பிட்டார்! ஆனால் நோய் ஏற்கெனவே பரவியிருந்ததால் நாலு மாதத்தில் இறந்துபோனார்.

1897-ல் ஜூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் இரைப்பை மொத்தத்தையும் எடுத்தார். நோயாளி ஒரு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். ஆக, இரைப்பை இல்லாமலும் மனுஷன் ஜீவிக்கலாம்!

வேலூரில் சர்ஜரி சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் எவரெஸ்ட் வீரர். பெயர் ஹோவர்ட் சாமர்வெல். 1924-ல் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் சுமார் 28,000 அடி ஏறித் திரும்பியவர். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றுப்புண் ஆபரேஷன்களில் பேர் வாங்கி, 1949-ல் சி.எம்.சி.க்கு வந்தார். அந்தப் புண்ணுக்கு இன்று பெரும்பாலும் மாத்திரையே போதும். புற்றுநோய்க்கு அப்படியில்லை. கீமோதெரபி கூட வந்தாலும், குணமாக்கக் கத்தி வேண்டும்.

''முழுசா எடுத்துடுங்க டாக்டர், மிச்சம் வெச்சா திரும்ப வந்துடும்!'' வீட்டுக்காரர்கள் பயத்தில் இப்படித்தான் கெஞ்சுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால், 1999-ல் வெளியான இத்தாலிய ஆய்வு என்ன சொல்கிறது? கீழ்ப்பாதியில் கட்டி இருந்த 600-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரைப்பையில் கொஞ்சம் மிச்சம் வைத்தவர்களில் ஐந்து வருஷம் உயிரோடிருந்தவர்கள் சுமார் 65 சதவிகிதம். முழுசும் எடுத்தவர்களில் சுமார் 62. பெரிய வித்தியாசமில்லை!

மிச்சம் இருந்தால் சாப்பாடு கொஞ்சம் சுலபம். மொத்தமும் போனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். ஆயுசுக்கும் பி12 ஊசி. கட்டி மேல்பகுதியில் இருந்தாலோ, இரைப்பை முழுக்கப் படர்ந்திருந்தாலோ பெரும்பாலும் வேறு வழியில்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும். எப்படியானாலும் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது.

ஆக, டாக்டரிடம் கெஞ்சுவதற்குமுன் கேட்க வேண்டியது இரண்டு. ''கட்டி எந்த இடத்துல இருக்கு? முழுசும் எடுத்தாத்தான் ஆகுமா?''