எண்ணிக்கையும் உரிமையும்: மெர்சிங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மக்கள் பெருகினால் காடு அழியும்; ஆதலால் பிறப்பைக் குறைத்தல் வேண்டும் என்னும் வாதம் 1960களில் உலகெங்கும் வலுப்பெற்றது. ஜொகூர் மாநிலத்தின் மெர்சிங் மாவட்டத்தை முன்வைத்து அவ்வாதத்தை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

மலேசியாவில் குடும்பத் திட்டச் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. 3 விழுக்காடாக இருந்த மக்கள்தொகை வளர்ச்சியை 1985க்குள் 2 விழுக்காடாகக் குறைப்பதே அன்றைய இலக்கு. ஆனால், 1982இல் பிரதமர் மகாதீர் முகமது நாட்டின் மக்கள்தொகை 70 மில்லியனாக உயர வேண்டும் என்றார். விரிந்த உள்நாட்டுச் சந்தை தொழில்வளர்ச்சிக்குத் தேவை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 1984இல் அது அரசின் கொள்கையாயிற்று. 2100ஆம் ஆண்டு எல்லையாகக் குறிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கொள்கை தலைகீழாக மாறியது. எனினும், இரண்டிலும் நாட்டின் பொருளாதாரத் தேவையே அளவுகோலாக நின்றது. பெண்ணின் விருப்பம் அளவுகோலாகவில்லை.

இனிக் காட்டின் நிலையைக் காண்போம். ஜொகூர், பகாங் எல்லையில் அமைந்த எண்டாவ் ரொம்பின் காட்டில், 1977இல் பகாங் பகுதியில் மரம் வெட்ட உரிமங்கள் வழங்கப்பட்டன. மக்களின் கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அப்பணி நின்றது. ஜொகூர்ப் பகுதி 1993இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மெர்சிங் மாவட்டத்துத் தெங்காரோ, நித்தார் ஆகிய இடங்களில் காடு செம்பனைத் தோட்டமாக மாறியது பெல்டா நிலத்திட்டங்களால். இவற்றைத் தீர்மானித்தவை மர வருவாயும் நிலக்கொள்கையுமே. பூங்காவை ஒட்டிய கம்போங் பெத்தாவில் வாழும் ஜக்குன் பழங்குடிப் பெண்கள் எத்தனை பிள்ளைகளைப் பெற்றனர் என்பதற்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. மக்கள் எண்ணிக்கை இயற்கை வளத்தைப் பாதிப்பதே இல்லை என்று நாம் கூறவில்லை. உரிமம் வழங்கியவரின் பொறுப்பைத் தாயின்மீது சுமத்துதல் தகாது என்பதே நம் கருத்து.

அரசின் இலக்குகளுக்குப் பிறப்பு விகிதம் முழுமையாகக் கட்டுப்படவும் இல்லை. விடுதலைக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைகள் என்ற அளவில் இருந்த விகிதம், 70 மில்லியன் கொள்கைக்குப் பின்னரும் தொடர்ந்து சரிந்து, 2022இல் 1.6 ஆயிற்று. இந்தியப் பெண்களிடையே அது மேலும் குறைவு. பெண்கல்வி, வேலைவாய்ப்பு, காலந்தாழ்ந்த திருமணம் ஆகியன இதற்குத் தலையாய காரணங்கள்.

இவ்விடத்தில் தமிழர் சிந்தனை மரபொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். 1929இன் இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார், அக்காலத்திலேயே கருத்தடையை ஆதரித்து எழுதினார். பிறர் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணமாகக் காட்டியபோது, அவர் பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாக வைத்தார். 1994இல் கெய்ரோவில் கூடிய ஐக்கிய நாடுகளின் மாநாடு, மக்கள்தொகை இலக்குகளைவிடப் பெண்ணின் இனப்பெருக்க உரிமையை முதன்மைப்படுத்தியது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அத்தடத்தில் தமிழில் விவாதம் நிகழ்ந்துள்ளது.

இன்று குறைந்துவரும் பிறப்பு விகிதம் கவலையாகப் பேசப்படுகின்றது. குறிப்பாக, நம் சமூகத்தின் எண்ணிக்கை குறைவது குறித்த அச்சம் மேடைகளில் ஒலிக்கின்றது. அவ்வச்சம் மீண்டும் பெண்ணின்மீது சுமையாக இறங்கிவிடக் கூடாது. மருத்துவ வசதி எட்டும் தொலைவில் உள்ளதா, குழந்தை வளர்ப்புக்குத் துணை உண்டா, முடிவெடுக்கும் உரிமை அவளிடம் உள்ளதா என்பனவே முதலில் எழ வேண்டிய வினாக்கள். எண்ணிக்கை அவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.